முன்பலகையில் எட்டு ஓட்டைகள்

பிப்ரவரி 3, திங்கள்

பெரிய மைத்துனர் இன்று ஸ்டூடியோவின் கதவைத் தோளால் இடித்து உடைத்துவிட்டார். அவருக்கு எழுபது வயது. நான் இரண்டு வயது மூத்தவன். மருந்துப் புட்டியின் மூடியைத் திறக்கக்கூட மனைவியைக் கூப்பிடுகிறவன்.

சாலையை அகலப்படுத்துகிறார்கள். மாமனாரின் ஸ்டூடியோ இருக்கும் வரிசை முழுவதும் இந்த மாதக் கடைசியில் இடிபடுகிறது. அதை இத்தனை காலமும் நடத்திவந்த சின்ன மைத்துனர் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தார். மரம் அறுத்து விற்கும் மரவாடி வைத்திருக்கும் பெரியவர் கைவண்டியோடு வந்து, கூடத்தின் நடுவில் நிற்கும் பெரிய பெட்டிக் கேமராவைக் கேட்டார். சின்னவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் தோள்.

சண்டைக்கு மூலம் ஒரு தாள். 1938இல் பெரியவர் அப்பாவோடு முறைத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன அன்று, இவர்களுடைய தாய்மாமன் நடுவில் உட்கார்ந்து எழுதியது. அன்றைய தேதிவரை கடையில் இருந்த சாமான்கள் தகப்பன் காலத்துக்குப் பிறகு மூத்தவனுக்கு; அதற்குமேல் சேர்பவை இளையவனுக்கு. நாற்காலி, திரைச்சீலை, விளக்கு எதையும் பெரியவர் கேட்கவில்லை. அந்தக் கேமரா மட்டும் வேண்டுமாம். அது தாளுக்கு முன்பே இருந்தது என்கிறார். இல்லை, மறு வருடம் வந்தது என்கிறார் சின்னவர். அப்போது அவருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது. அப்பாவோடு ரயில் நிலையத்துக்குப் போய்ப் பெட்டியைச் சுமந்து வந்தது தோளில் இன்னும் உறுத்துகிறதாம்.

இரண்டு பேரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். முப்பத்தோரு வருடம் அருங்காட்சியகத்தில் பொருள்களுக்கு வயது பார்த்துச் சீட்டு எழுதியவர் வீட்டிலேயே இருக்கிறாரே, அவர் சொல்லட்டும் என்று. என் நேர்மைமேல் உள்ள நம்பிக்கையா? எனக்குத் தோன்றவில்லை. என்னை மிரட்டினால் மிரளுவேன் என்ற நம்பிக்கை இருவருக்கும் சமமாக இருந்திருக்கும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் பெரியவருக்குத் தங்கை, சின்னவருக்கு அக்கா. "பல்லு ஆடுற வயசுல ஒருத்தரை ஒருத்தர் கடிக்கத் துடிக்கிறாங்க. எங்கப்பா ரத்தம்" என்றாள்.

பிப்ரவரி 5, புதன்

காலை ஒன்பதரைக்குப் போனேன். அளவு டேப், உருப்பெருக்கி, பழைய பல் பிரஷ், திருப்புளி, எந்த வருடம் செய்த லென்ஸில் எந்த எண் என்று எழுதிவைத்திருக்கும் என் நோட்டு. மறக்காமல் எல்லாம் எடுத்துப்போனேன்.

சிவந்த மரம். மூலைகளில் பலகைகள் விரல் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருக்கின்றன. முன்பலகையையும் பின்பக்கத்தையும் இணைக்கும் தோல் துருத்தி, மடிப்பு ஓரங்களில் உள்துணி தெரிகிறது, மாற்றிய துருத்தி அல்ல. பின்பக்கத் தேய்த்த கண்ணாடி பன்னிரண்டுக்குப் பத்து அங்குலம். செய்தவர் பெயர்த் தகடு இருந்த இடத்தில் வெளிறிய நீள்சதுரமும் இரண்டு ஆணித் துளையும்தான் மிச்சம். இந்த வகைப் பெட்டியை நாற்பது வருடம் ஒரு மாற்றமும் இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். தகடு போய்விட்டால் உடம்பை வைத்து வயது சொல்ல முடியாது. லென்ஸ்தான் வாயைத் திறக்க வேண்டும்.

லென்ஸின் பித்தளை விளிம்பில் ஆறு இலக்க எண் தெளிவாக இருக்கிறது. குறித்துக்கொண்டேன்.

கேமராவை மேசைமேல் இறக்கிவைத்திருந்தார்கள். பெரியவர் அதன் ஸ்டாண்டிலிருந்து ஒரு காலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இரும்புப் பூண் போட்ட கால். நான் ஒவ்வொரு முறை குனியும்போதும் அதைத் தரையில் ஓங்கிக் குத்துவார். "ம், ஆகட்டும் மாப்ள." சின்னவர் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, "அத்தானை அவசரப்படுத்தினா மண்டை பிளந்திடும்" என்பார். யாருடைய மண்டை என்று சொல்லவில்லை. டேப் இரண்டு முறை நழுவியது.

ஒன்றை எழுதிவிட வேண்டும். முன்பலகையில் லென்ஸைப் பிடித்திருக்கும் பித்தளை வளையத்தைக் கழற்றி அதன் அடியில் பார்த்திருக்க வேண்டும். நான்கு திருகாணிகள், ஐந்து நிமிட வேலை. திருப்புளியை வைத்தேன். தரையில் ஒரு குத்து விழுந்தது. திருப்புளி நழுவிப் பித்தளையில் கீறிவிட்டது. "போதும், பார்த்தாகிவிட்டது" என்று சொல்லிவிட்டேன்.

வளையம் பலகையில் கச்சிதமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. பிற்பாடு மாற்றியதன் அடையாளம் வெளியில் எதுவும் இல்லை. எனவே போதும்தான். போதுமா?

பிப்ரவரி 6, வியாழன்

நோட்டில் பார்த்தேன். எண் 1939இன் முதல் பாதியில் விழுகிறது. இரண்டு முறை சரிபார்த்தேன். ரயிலில் வந்ததாகச் சின்னவர் சொல்லும் பெட்டியும் அதே வருடம். இரண்டு சாட்சியும் ஒத்துப்போகின்றன. அரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: 'கேமராவும் லென்ஸும் ஒன்றாக வந்தவை, 1939க்கு முற்பட்டவையல்ல.'

ஒரு பொருளின் வயதை அதன் மிக இளைய உறுப்பு சொல்லும் என்பார்கள். அந்த உறுப்பு அதோடு சேர்ந்து பிறந்ததாக இருந்தால். இந்த இரண்டாவது பாதியை எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன்!

பிப்ரவரி 8, சனி

நான் தாளைப் படித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. உரக்கப் படிங்க என்றார் பெரியவர். மறுபடி படித்தேன். சின்னவர் சிரித்துக்கொண்டே வந்து வலக்கையைக் கேமராவின் அடிப்பலகைமேல் வைத்தார். "கேட்டாச்சுல்ல? இனி இது மேல எவன் கை பட்டாலும்..." என்று தொடங்கினார்.

அதற்குள் ஸ்டாண்டுக் கால் இறங்கிவிட்டது. பூண் போட்ட முனை. ஈரத்துணிக்குள் சுற்றிய சுள்ளியை ஒடித்தால் வரும் சத்தம். சின்னவர் கத்தவில்லை, கையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அது வேறு யாருடையதோ என்பதுபோல். அப்புறம் முழங்கால் மடிந்து உட்கார்ந்தார். பெரியவர் இரண்டாம் முறை ஓங்கினார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். தடுத்தது கைவண்டி இழுக்க வந்த ஆள், நான் அல்ல.

ஒன்று மட்டும் கவனித்தேன். அவ்வளவு வேகமாக விழுந்த அடி கேமராவின்மேல் ஒரு கீறல்கூடப் போடவில்லை. கைமேல் மட்டும் பட்டது. அப்படிக் குறிபார்த்திருக்கிறார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நோட்டைத் திறந்து எண்ணை மூன்றாம் முறை சரிபார்த்தேன். 1939தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். மூன்று எலும்புகள். இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் வெளியில் வைத்துச் சொன்னார். நெகட்டிவில் ஊசிமுனைப் பென்சிலால் முகங்களைத் திருத்துகிற கை அது. பருவும் தழும்பும் நரையும் அந்த விரல்களில்தான் மறையும்.

சின்னவர் மயக்க மருந்தின் கலக்கத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் தெளிந்தார். "அத்தான், உங்க தாளுக்காகத்தான் இந்தக் கை போச்சு. அதுல தப்பு ஒண்ணும் இல்லையே?"

இல்லை என்றேன்.

"அது போதும். இன்னொரு கை இருக்கு. அவர் வாயைக் கிழிக்க அது போதும்."

போலீஸ் ஸ்டேஷனில் புகார் பதிவாகிவிட்டது. அடியை நேரில் பார்த்த சாட்சி நான். இன்ஸ்பெக்டர் என் வயதைக் கேட்டுவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்றார்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஸ்டூடியோ ஒழிக்கப்பட்டது. கேமராவை யாரிடம் விடுவது என்று இன்ஸ்பெக்டர் குழம்பி, இரண்டு பேருக்கும் பொதுவான இடம் என்று எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். நான்கு ஆள் தூக்கி வந்தார்கள். முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மனைவி அதன்மேல் படுக்கை விரிப்பைப் போட்டு மூடிவிட்டாள். "முகம் தெரியாம இருக்கட்டும்" என்றாள்.

நான்கு ஆள்.

இதை எழுதிய பிறகுதான் உறைக்கிறது. நான்கு ஆள் தூக்கிய பொருளைப் பதின்மூன்று வயதுப் பையன் எப்படித் தோளில் சுமந்து வந்திருப்பான்?

பிப்ரவரி 15, சனி

வளையத்தைக் கழற்றினேன். தரையில் யாரும் குத்தவில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அகலமான வளையம் அது. அதன் அடியில், அதைவிடச் சிறிய வட்டத்தில், இன்னும் நான்கு ஓட்டைகள். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து மேலே வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். ஆக மொத்தம் எட்டு. நாலு புதிது, நாலு பழையது. இந்தக் கேமராவுக்கு இதற்கு முன்னால் வேறு லென்ஸ் இருந்திருக்கிறது. 1939இல் ரயிலில் வந்தது கேமரா அல்ல, இரண்டாவது லென்ஸ். அந்தப் பெட்டியைத்தான் பையன் சுமந்திருக்கிறான். இருவருமே பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது என் தாள்.

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. திருப்புளியால் கழற்றிய ஓட்டையின் விளிம்பு வட்டமாக இருக்கும். இவை வட்டமாக இல்லை. நான்கிலும் மரநார் வெளிப்பக்கமாகக் கிழிந்து நிற்கிறது. மேலே உள்ள இரண்டில் நகத்தளவு சிம்பு பெயர்ந்திருக்கிறது. முதல் லென்ஸை யாரும் திருகி எடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, ஆடாத கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதுபோல் பிடுங்கியிருக்கிறார்கள். இவ்வளவு பலம் ஒரு மனிதனுக்கு எப்போது வரும்? நிதானமாக இருக்கும்போது வராது.

ஆயிரக்கணக்கான பொருள்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஓட்டையைப் பார்த்துப் பயந்தது இன்றுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு ஓட்டைகளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"பிடுங்கினது அப்பா" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். எழுதாவிட்டால் நான் கற்பனை செய்துகொண்டதாக நாளைக்கு எனக்கே சந்தேகம் வரும்.

"அண்ணன் நெத்தியில தழும்பு இருக்கே, சைக்கிள்ல இருந்து விழுந்தாருன்னுதானே உங்களுக்குத் தெரியும்? ஊருக்கே அப்படித்தான் தெரியும். மாமா எழுதின தாள்ல கையெழுத்துப் போட்டுட்டு, மை காயறதுக்குள்ள அப்பா கேமராகிட்ட போனாரு. 'எல்லாம் உனக்கா? இந்தா, இப்பவே எடுத்துட்டுப் போ'ன்னு லென்ஸைப் பிடுங்கி வீசினாரு. ரெண்டு கெஜம் தள்ளித்தான் அண்ணன் நின்னாரு. நெத்தி பிளந்து எலும்பு வெள்ளையாத் தெரிஞ்சுது. கண்ணெல்லாம் ரத்தம். அப்பவும் அவர் அழல, அப்பாவையே பாத்துட்டு நின்னாரு. அம்மா தரையைத் தேய்ச்சுக் கழுவினாங்க. வெளிய சொன்னா என்மேல ஆணைன்னு என் தலையில கை வெச்சாங்க. தம்பி பள்ளிக்கூடம் போயிருந்தான்."

அதாவது தாள் எழுதிய அன்று இந்தக் கேமரா அந்தக் கூடத்தில் இருந்தது. அதன் லென்ஸ் பெரியவரின் நெற்றியில் இருந்தது. இதைவிடத் தெளிவான தேதி எந்தத் தகட்டிலும் கிடையாது.

நாற்பத்தாறு வருடம் குடித்தனம் செய்தவள். நான் தாள் எழுதிய அன்று என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நீங்க எங்க என்னைக் கேட்டீங்க? மரத்தைத்தானே கேட்டீங்க?"

என் கை மேலே போனது. ஓங்கிய கை. அவள் முகத்துக்கு நேராக. அதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். "இறக்குங்க. உங்களுக்கு அது வராது" என்றாள். இறங்கிவிட்டது. ஆனால் போனது. வராது என்று அவள் சொன்னது தப்பு. எனக்கும் வரும் போலிருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

திருத்தம் எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன்.

கேமரா தன்னுடையது என்று நிரூபிக்கப் பெரியவருக்கு ஒரு வாக்கியம் போதும்: அப்பா இதன் லென்ஸைப் பிடுங்கித்தான் என்னை அடித்தார். அதை அவர் நாற்பத்தெட்டு வருடமாகச் சொல்லவில்லை. தம்பியின் கையை உடைப்பது அவருக்கு அதைவிட எளிதாக இருந்திருக்கிறது. இப்படிப்பட்டவரிடம் போய் நான் என்னவென்று ஆரம்பிப்பேன்? சின்னவரிடம் போனால்? கையை இழந்தவரிடம் கேமராவும் உன்னுடையதல்ல என்பதா?

பிப்ரவரி 18, செவ்வாய்

போகவில்லை. வயிறு சரியில்லை. வயிறு சரியில்லை என்பது உண்மைதானா?

பிப்ரவரி 19, புதன்

நேற்றுப் போயிருக்க வேண்டும்.

இன்று பகல் பதினொரு மணிக்குச் சின்னவர், வலக்கை மாவுக்கட்டோடு, மரவாடிக்குப் போய் இடக்கையால் கடப்பாரையை எடுத்துப் பெரியவரின் வாயில் அடித்திருக்கிறார். இரண்டு முன்பற்கள் போய்விட்டன. மேலுதடு மூக்குவரை கிழிந்து ஏழு தையல். இன்னும் ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால் ஆள் இல்லை என்றாராம் டாக்டர். மரத்தூள் குவியலில் ரத்தத்தோடு கிடந்த அண்ணனைப் பார்த்து, "இதுக்கும் அத்தானை விட்டு வயசு எழுதி வாங்கிக்கோ" என்றாராம்.

வேலையாட்கள் பிடிக்காவிட்டால் மறு அடி விழுந்திருக்கும்.

திருத்தம் இரண்டு நாளாக என் சட்டைப் பையில் இருக்கிறது. அது போய்ச் சேராததால் ஒரு வாய் கிழிந்திருக்கிறது. இல்லை, இது மிகையா? நான் போய்ச் சொல்லியிருந்தால் சின்னவர் நின்றிருப்பாரா? தெரியாது. தெரியாது என்பதைச் சாக்காக வைத்துக்கொள்ளவும் இனி முடியாது.

பிப்ரவரி 21, வெள்ளி

பெரியவரைப் பார்க்கப் போனேன். மனைவி கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். வாசலைத் தாண்டியதும் ஏன் வேண்டாம் என்றோம் என்று இருந்தது.

ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. தையல் போட்ட வாயோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வேலையாட்களை அதட்டிக்கொண்டிருந்தார். பேச்சு சரியாக வராததால் அவர்கள் பாதி புரியாமல் தலையாட்டினார்கள். என்னைப் பார்த்ததும் ரம்பத்தை நிறுத்தச் சொன்னார். அந்த நிசப்தத்துக்கு நான் தயாராக வரவில்லை.

தாளை நீட்டினேன். வாங்கவில்லை. வாயால் சொன்னேன்: நான் எழுதியது தவறு, வளையத்தைக் கழற்றாமல் எழுதினேன், பழைய ஓட்டைகள் நான்கு இருக்கின்றன, கேமரா முன்பே இருந்தது, அது உங்களுடையது. இவ்வளவும் ஒரே மூச்சில். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"எந்த ஓட்டை?" என்றார்.

முறைப்படி பதில் சொல்வது என் வியாதி. மரநார் வெளிப்பக்கம் கிழிந்திருப்பதை, லென்ஸ் பிடுங்கப்பட்டதை, எல்லாம் சொன்னேன். சொல்லும்போது என் கண் என்னை அறியாமல் அவர் நெற்றிக்குப் போயிருக்க வேண்டும்.

கன்னத்தில் விழுந்தது அடி என்று தெரிவதற்குள் நான் மரத்தூளில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி எங்கோ போய்விட்டது. இடது காதுக்குள் ரம்பம் மறுபடி ஓட ஆரம்பித்தது. வெளியே அது ஓடவில்லை. அவர் குனிந்து, தையல் போட்ட வாயை என் காதருகே கொண்டுவந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "எங்கப்பா என்மேல கை வெச்சதே இல்ல. கேமரா அவனோடது. நீங்க முதல்ல எழுதினதுதான் சரி. அதை மாத்தி எழுதினீங்க, எழுதின கையை இந்த ரம்பத்துல குடுத்திடுவேன். தங்கச்சி புருஷன்னு பாக்க மாட்டேன்."

அப்புறம் அவரே என் கண்ணாடியைத் தேடி எடுத்து, வேட்டியில் துடைத்து, என் மூக்கில் மாட்டிவிட்டார். ஒரு பக்கம் கோணலாக.

பிப்ரவரி 22, சனி

மனைவியிடம் கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன்.

"கதவுக்கு அஞ்சு விரலா?" என்றாள்.

மார்ச் 1, சனி

இரண்டு வழக்கும் ஒரே நாளில் விசாரணைக்கு வருகின்றன: அண்ணன் தம்பியின் கையை உடைத்தது, தம்பி அண்ணனின் வாயைக் கிழித்தது. முதலாவதில் நான் சாட்சி. ஏன் அடித்தார் என்று கேட்பார்கள், தாளைக் கேட்பார்கள், தாள் சரிதானா என்று கேட்பார்கள். சரியல்ல என்று சொல்லியாக வேண்டும். எப்படித் தெரியும் என்பார்கள்.

திருத்தத்தை மூன்று பிரதி எடுத்தேன். ஓட்டைகளின் அளவும் இடைவெளியும் வரைந்து இணைத்துவிட்டு, வளையத்தைப் பழையபடி பூட்டினேன். கண்ணாடிமுன் நின்று பேசிப் பார்த்தேன். மூன்றாவது வாக்கியத்தில் குரல் உடைகிறது. அங்கே ஒரு இருமலை வைத்துக்கொள்ளலாம். ரம்பம் கனவில் வருகிறது, தினமும். இருந்தாலும் சொல்வேன். எழுதிவைத்தால் பின்வாங்க மாட்டேன் என்பதற்காக எழுதுகிறேன்: சொல்வேன்.

மார்ச் 10, திங்கள்

என்னைக் கூப்பிடவில்லை.

நீதிபதி பெரியவரைக் கேட்டதும் அவர் எழுந்து, "அடிச்சேன். நான்தான் அடிச்சேன். கேமரா அவனோடது, அவன் கேட்டது நியாயம். சாட்சி எதுக்கு?" என்றார். வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததையும் பொருட்படுத்தவில்லை. என் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நான் பையிலிருந்த தாள்களை அழுத்திப் பிடித்தேன்.

அடுத்த வழக்கு. கடப்பாரையால் அடித்தது உங்கள் தம்பிதானா?

"இல்லைங்க."

பின்னே பற்கள் எப்படிப் போயின?

"சைக்கிள்ல இருந்து விழுந்தேன்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் உதட்டைக் கடித்துக்கொண்டார். பார்த்த வேலையாட்கள் இருவரும், முதலாளியே விழுந்தேன் என்றதும், ஆமாம் சைக்கிள்தான் என்று தலையாட்டிவிட்டார்கள். சிரிக்காதவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, சின்னவர். சின்னவர் மாவுக்கட்டுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி அண்ணனின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவர்மேல் இருந்த வழக்கு தள்ளுபடி. பெரியவரிடம் வயதை எண்ணி நன்னடத்தை உறுதி எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

எனக்கு வந்தது நிம்மதி. மறைக்காமல் எழுதுகிறேன், நிம்மதிதான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே, சேவகனைப்போல, வெட்கம்.

வெளியே படிக்கட்டில் சின்னவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். "அத்தான். அன்னிக்கும் அவர் சைக்கிள்ல இருந்து விழலையா?"

பக்கத்தில் மனைவி நின்றாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த முறை யாரும் தரையில் குத்தவில்லை. விழவில்லை என்றேன். தாளை எடுத்துக் கொடுத்தேன். படம் வரைந்த பக்கத்தை விளக்கினேன். இருமலை வைக்க மறந்துவிட்டேன். குரல் உடைந்துதான் போயிற்று.

சின்னவர் படித்துவிட்டு, மாவுக்கட்டுக் கையைக் கோர்ட் சுவரில் ஒரு முறை மோதினார். பிறகு இன்னொரு முறை. மனைவி கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 14, வெள்ளி

சின்னவர் வந்தார். படுக்கை விரிப்பை எடுத்தார். திருப்புளி கொடுங்க என்றார். நான் கழற்றுகிறேன் என்றதற்கு, "வேணாம் அத்தான், நானே" என்றார். பழக்கமில்லாத இடக்கையால் நான்கு திருகாணிகளையும் கழற்ற முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொன்றாக உதட்டில் கவ்விக்கொண்டார்.

லென்ஸையும் வளையத்தையும் துண்டில் சுற்றிக்கொண்டார். "தாளுக்கு அப்புறம் வந்தது இது. இது என்னோடது. முன்னாடி இருந்தது அவரோடது."

வண்டி ஏற்பாடு செய்து கேமராவை மரவாடிக்கு அனுப்பினோம். முன்பலகையின் நடுவில் கையை நுழைக்கலாம்போலக் கறுப்பாக ஒரு பெரிய ஓட்டை. அதைச் சுற்றி எட்டுச் சிறிய ஓட்டைகள். மாமனார் பிடுங்கிய அன்று எப்படி நின்றிருக்குமோ, ஏறக்குறைய அப்படியே. இதைப் பார்த்து அவர் கோடரியை எடுத்தாலும் எடுப்பார் என்றேன். எடுக்கட்டும், அவர் பொருள் என்றார் சின்னவர்.

நான் இரண்டு சீட்டு எழுதினேன். உடம்புக்கு ஒன்று, லென்ஸுக்கு ஒன்று. முதல் தாளைக் கிழிக்கவில்லை. அதன்மேல் 'தவறு' என்று எழுதித் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

காலை பத்தேகால். தொலைபேசி. மறுமுனையில் ரம்பச் சத்தம் கேட்டதுமே யாரென்று தெரிந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ள." பல் இல்லாத இடத்தில் காற்று போனது. "அந்தச் சின்ன வட்டத்துல நாலு ஓட்டை அடைச்சிருக்கே. அதைத் தோண்டித் திறந்தா மறுபடி திருகாணி பிடிக்குமா?"

அப்படியே பிடிக்காது, மரம் கிழிந்திருக்கிறது என்றேன். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, அதே மரத்தில் முளை செதுக்கி அடித்து, ஒரு நாள் காயவைத்துப் புதிதாகத் துளை போட வேண்டும். ஆனால் வளையத்தின் அளவு தெரியாமல் துளை போடக் கூடாது. அந்தச் சிறிய அளவில் வளையம் இப்போது எங்கே கிடைக்கும், தெரியவில்லை என்றேன்.

ரம்பம் ஒரு கட்டையை முழுவதும் அறுத்து முடித்தது.

"பழசு என்கிட்டதான் இருக்கு" என்றார்.

லென்ஸின் கண்ணாடி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"முன்னாடி இருக்கறது அன்னிக்கே உடைஞ்சுது. பின்னாடி இருக்கறது நல்லாத்தான் இருக்கு."

நாளை வருகிறேன் என்றேன். விளிம்பில் உள்ள எண்ணைப் படிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.